தாயின் கல்வித் தகுதி: பின்னர் நிரப்பப்படும்

சுலோசனா மேடம் காலமான செய்தி உரிய படிவத்தில்தான் வந்தது. எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் இளநிலை உதவியாளர் சதீஷ் காலையிலேயே அனுப்பியிருந்தார். "பொருள்: நமது பள்ளியின் முன்னாள் அலுவலகக் கண்காணிப்பாளர் திருமதி சுலோசனா அவர்கள் இயற்கை எய்தியமை – தகவல் அளித்தல் – சார்பு. பார்வை: அன்னாரின் கணவர் அவர்களது தொலைபேசிச் செய்தி, இன்று முற்பகல்." அதற்குக் கீழே வடக்குத்து வீட்டின் முகவரி, எடுக்கும் நேரம்.

சதீஷுக்குக் கடிதம் எழுதப் பழக்கியவர் மேடம்தான். தம்முடைய இறப்பைத் தெரிவிக்கும் கடிதத்திலும் பொருளும் பார்வையும் வரிசையாக வந்துவிடும் அளவுக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார். குழுவில் முதலில் பதில் அளித்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பார்த்துவிட்டேன் என்று பொருள். மேடம் அதை ஒப்புதலாக ஏற்றிருக்க மாட்டார். விரல் யாருடையது என்று கேட்டிருப்பார்.

நான் அந்தச் செய்தியை மூன்று முறை படித்தேன். ஏதாவது பிழை இருக்கிறதா என்று தேடினேன். இருபது ஆண்டுகள் அவரிடம் காகிதம் கொடுத்து வாங்கியவர்களுக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ளும். பிழை இருந்தால் செய்தி செல்லாது என்று ஒரு நப்பாசை. பிழை இல்லை.

மேடத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நெய்வேலி நகரியத்தின் நுழைவு வளைவுக்கு வெளியே, வடக்குத்துப் பக்கம், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், முன் அனுமதி பெற்றீர்களா என்று மேடம் கேட்டிருப்பார், நான் பெறவில்லை. அந்தப் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்து அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் அவர். கணவர் ராமலிங்கம் சுரங்கத்தில் பெர்மனென்ட். அவர் ஓய்வு பெறும்வரை நகரியத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். பிறகு எல்லோரையும் போலச் சாவியை ஒப்படைத்துவிட்டு வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள்.

நான் வணிகவியல் ஆசிரியராகச் சேர்ந்த அன்று என் பணியேற்பு அறிக்கையைப் படித்துவிட்டு மேடம் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், நீங்க காலையில சேந்தீங்களா, மத்தியானம் சேந்தீங்களா?"

"காலையிலதான் மேடம். நீங்கதான் பாத்தீங்களே."

"நான் பாத்தேன். காயிதம் பாக்கலியே. முற்பகல்னு போட்டு எடுத்துகினு வாங்க. உங்களப் பத்தி கெவர்மெண்ட்டுக்கு அரை நாள் சந்தேகம் இருக்கக் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. எம்.காம். படித்தவனை ஓர் உதவியாளர் திருத்துவதா என்று நினைத்தேன். முற்பகல் என்று எழுதிக் கொடுத்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு என் பணிப்பதிவேட்டில் ஒரு சிக்கல் வந்தபோது அந்த ஒரு சொல்தான் காப்பாற்றியது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரே பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார், அவரும் சொல்லவில்லை.

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு பச்சை இரும்பு பீரோ. அதன் நடுத்தட்டு முழுவதும் மேல்நிலைக் கல்வி பற்றிய அரசாணைகள், சுற்றறிக்கைகள், தெளிவுரைகள், தெளிவுரைகளுக்கான தெளிவுரைகள். அலுவலகங்களில் இவற்றைக் கட்டி மூலையில் போடுவார்கள். மேடம் படித்தார். சுகாதார விஷயத்தில் சிலர் செய்தித்தாளில் வரும் மூலிகைக் குறிப்புகளை வெட்டி வைப்பார்களே, அந்த ஈடுபாட்டோடு படித்தார். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடத் தொகுதிக்கு எது மாற்று, வருகை குறைந்தால் எத்தனை நாள் வரை யார் மன்னிக்கலாம், பிறந்த தேதியை எதுவரை திருத்தலாம் என்று பக்கத்துப் பள்ளிகளிலிருந்து தொலைபேசியில் கேட்பார்கள். பீரோவைத் திறக்காமல் பதில் சொல்வார். பிறகு திறந்து சரிபார்ப்பார்.

இவ்வளவு பக்தி எதற்கு என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டேன். கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டேன்.

"சார், எங்க ஊரு முத்தாண்டிக்குப்பம். நான் பத்தாவது முடிச்சப்ப, அதுக்கு மேல படிக்கணும்னா காலேஜிக்குப் போவணும். பி.யூ.சி. எங்கப்பா முந்திரி கொட்டை பொறுக்க வாடின்னுட்டாரு. பொம்பளப் புள்ளய காலேஜிக்கு அனுப்பறதான்னு. அந்த வருசம்தான் பிளஸ் டூ வந்திச்சி. காலேஜில இருந்தத எடுத்தாந்து இஸ்கூலுக்குள்ள வச்சாங்க. எங்கப்பாரு யோசிச்சாரு. காலேஜின்னாதான அனுப்பக் கூடாது, இது இஸ்கூலுதானன்னு அனுப்பிட்டாரு."

"பாடம் ரெண்டும் ஒண்ணுதானே?"

"பாடம் ஒண்ணுதான். காம்பவுண்டு செவுரு வேற. என் தலையெழுத்த மாத்துனது ஒரு ஜி.ஓ.ங்க சார். யாரோ ஒரு ஆபீசர், என்ன யாருன்னே தெரியாம, மெட்ராசில குந்திகினு கையெழுத்துப் போட்டிருக்காரு. அதப் படிக்காம இருக்கலாமா?"

கல்வி வரலாறு பற்றி நான் சில புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டதன் நோக்கங்கள் அவற்றில் பத்தி பத்தியாக இருக்கின்றன. முத்தாண்டிக்குப்பத்து அப்பா ஒருவரை ஏமாற்றுவது என்ற நோக்கம் எதிலும் இல்லை. அது நிறைவேறியிருக்கிறது.

இனி எழுத வேண்டியது அவரைப் பற்றிய நல்ல செய்தி அல்ல. மேடம் எதையும் கோப்பிலிருந்து உருவ அனுமதித்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பள்ளியே தேர்வு வைத்து, பள்ளியே திருத்தி, பள்ளியே தேர்ச்சி போடும். பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் அரசுத் தேர்வு. ஆயிரத்து இருநூறு மதிப்பெண், மாநில முதலிடம், மாவட்ட முதலிடம், நாளிதழில் இனிப்பு ஊட்டும் படம். எங்கள் பள்ளிக்குப் படம் வர வாய்ப்பில்லை என்பதால் தாளாளர் வேறொன்றில் கவனம் செலுத்தினார்: நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அதற்கு எளிய வழி, தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரவிடாமல் செய்வது. யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது விதி. பெற்றோரே விரும்பி மாற்றுச் சான்றிதழ் கேட்டால் கொடுக்கலாம் என்பதும் விதி. ஆகவே ஒவ்வொரு மே மாதமும் சில பெற்றோர் விரும்பினார்கள்.

அந்த விருப்பக் கடிதத்தின் வாசகத்தை எழுதியவர் சுலோசனா மேடம். "எனது மகன் / மகளைக் குடும்பச் சூழ்நிலை காரணமாக மேற்கொண்டு தங்கள் பள்ளியில் படிக்க வைக்க விருப்பமில்லை. எனவே மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." இரண்டே வாக்கியம். எந்தத் தணிக்கையும் குறை சொல்ல முடியாத வாக்கியம். அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினால் பிற்பாடு கேள்வி வரும், சொந்தக் கையால் எழுதியிருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவரும் அவரே. மாதிரித் தாள் ஒன்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். பெற்றோர் பார்த்து எழுதுவார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பள்ளியொன்றிலிருந்து ஆள் வந்து அதை ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள். மேடத்துக்கு அதில் சிறிது பெருமையும் உண்டு.

பட்டியல் தருவது வகுப்பாசிரியர் வேலை. ஓர் ஆண்டு அந்த வகுப்பாசிரியர் நான். கணக்குப்பதிவியலில் தொடர்ந்து தவறிக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி என்ற பெண்ணின் பெயரை எழுதினேன். வடக்குத்தைச் சேர்ந்தவள். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நைட் ஷிஃப்ட் முடித்துச் சட்டையில் கரித்தூளோடு அவளையும் அழைத்துக்கொண்டு வந்தார். நான் என் பாடவேளை முடிந்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மேடம் கடிதத்தை வாங்கிப் படித்தார். "யாரு எழுதுனது?"

"நான்தான் மேடம்" என்றாள் அந்தப் பெண். "அப்பாவுக்கு எழுத வராது. கையெழுத்து மட்டும் போடுவாரு."

"கையெழுத்து முத்து முத்தா இருக்குதே!"

அந்தப் பெண் சிரித்தாள். பாராட்டுக் கிடைத்த மகிழ்ச்சி. மேற்கொண்டு தன்னைப் படிக்க வைக்க விருப்பமில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்பா, "ரொம்ப நன்றிங்க மேடம், வர்றங்க சார்" என்று இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டார். சான்றிதழ் பத்து நிமிடத்தில் தயாரானது. எங்கள் அலுவலகத்தின் வேகத்தைப் பற்றி எவரும் குறை சொன்னதில்லை.

ஆறு ஆண்டுகள் போயின. ஒரு மே மாதக் கடைசியில் எல்.கே.ஜி. சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. நான் பக்கத்து மேசையில் குடும்ப அட்டை நகல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் விண்ணப்பத்தை நீட்டினாள். மேடம் தலைநிமிராமல் படித்தார்.

"தாயின் கல்வித் தகுதி... என்னாம்மா இது, பிளஸ் ஒன்னுன்னு எழுதியிருக்கிற? அப்பிடி ஒரு தகுதி கெடையாதும்மா. ஒண்ணு பத்து, இல்ல பன்னெண்டு. நடுவுல நின்னுகினு இருக்கறதுக்குப் பேரு இல்ல. அடிச்சிட்டுப் பத்துன்னு போடு."

"பதினொண்ணு முழுசா படிச்சேனே மேடம்."

"எந்த இஸ்கூல்ல?"

"இங்கதான். நீங்கதான டி.சி. குடுத்தீங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்குதுன்னு சொன்னீங்களே."

அவள் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. தெரிந்தவர்களிடம் அடையாளம் சொல்வது போலத்தான் சொன்னாள். மேடம் விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குடும்ப அட்டையில் மிக முக்கியமான ஒன்றைக் கண்டுவிட்டவனைப் போலக் குனிந்துகொண்டேன்.

"அப்பறம் எங்க சேந்த?"

"எங்கயும் எடுக்கல மேடம். பன்னெண்டுல நடுவுல வந்தா ரிசல்ட் போயிடும்ன்னாங்க. அந்தத் தையிலயே கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்க. இப்ப டவுன்ஷிப்புல பூங்கா வேல, கான்ட்ராக்ட்டு." மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "இவதான். மேடத்துக்கு வணக்கம் சொல்லுடி."

அந்த நாலு வயதுப் பெண் வணக்கம் சொன்னாள். மேடம் ஒரு பென்சிலை எடுத்தார். தாயின் எழுத்தை அடிக்கவில்லை. பக்கத்தில் 'பின்னர் நிரப்பப்படும்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். பணிக்காலம் முழுவதும் ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தாலும் படிவத்தை ஏற்றுக்கொள்ளாதவர் செய்த காரியம் அது.

அன்று தேநீர் ஆறிப்போனது. மேடம் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்.

"ரூல் எல்லாம் சரியாதான் சார் இருந்திச்சி. லெட்டர் இருக்கு. அப்பா கையெழுத்து இருக்கு. தேதி இருக்கு. எவன் வந்து ஆடிட் பண்ணாலும் நிக்கும்."

"ஆமாம் மேடம்."

"எனக்கு ஒரு ஜி.ஓ. கதவத் தெறந்து வுட்டிச்சி. நான் அந்தக் கதவாண்ட குந்திகினு எழுதி வாங்கிகினு இருந்திருக்கேன்."

பட்டியல் எழுதியவன் நான் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதை எழுதும் இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். கேட்க அவர் இல்லை.

அதே கோடையில்தான் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. மதிப்பெண்ணையும் பாதியாக்கினார்கள். முதலிடப் பட்டியல் போய்விட்டதால் இனிப்பு ஊட்டும் படங்களும் போயின. பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். நாங்கள் அப்படி நடத்தியதே இல்லை என்பதில் எல்லோரும் ஒருமித்த கருத்துடன் இருந்தோம். மேடம் ஆணையின் நகலைக் கோடு போட்டுப் படித்தார். பதினொன்றில் சில பாடங்களில் தவறியவர்களும் பன்னிரண்டாம் வகுப்பில் தொடர்ந்து படிக்கலாம், தவறியதைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்ற இடத்தில் இரண்டு கோடு.

முதல் பொதுத்தேர்வு முடிவு வந்தது. எங்கள் பள்ளியில் ஐந்து பேர் தவறியிருந்தார்கள். தாளாளர் வழக்கப்படி அலுவலகத்துக்கு வந்தார்.

"அஞ்சு பேருக்கும் லெட்டர் வாங்கிடுங்கம்மா. அடுத்த வருஷம் ஹன்ட்ரட் பர்சன்ட் ஃப்ளெக்ஸ் வைக்கணும்."

"அவங்க படிக்கலாம்னு ரூல் இருக்குங்க சார்."

"ரூல் இருக்கட்டும். அவங்க அப்பா அம்மாவே கேட்டா?"

"கேட்டா குடுக்கலாங்க சார். கேக்கறாங்களான்னு கேக்கறேன்."

தாளாளர் போனதும் மேசைக் கண்ணாடியைத் தூக்கி மாதிரிக் கடிதத்தை எடுத்தார். வேறு எவராவது கிழித்துப் போட்டிருப்பார்கள். பாதுகாப்புக் காலம் முடியாமல் காகிதத்தை அழிப்பது விதிமீறல் என்பதால், மேடம் அதன் குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதித் தேதியிட்டுக் கோப்பில் சேர்த்தார்.

மறுநாள் ஐந்து குடும்பங்களும் வந்தன. முதலில் வந்தவர் குறிஞ்சிப்பாடியில் தறி போடுகிறவர். மகளின் கையில் ஏற்கெனவே தாளும் பேனாவும் இருந்தன. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"எழுதிக் குடுக்கணுமாமே மேடம். என்னான்னு எழுதறது?"

"ஒண்ணும் எழுத வாணாம்."

"பெரியவரு சொன்னாருன்னு..."

"நல்லாக் கேளுங்க. நீங்க எழுதிக் குடுக்கலன்னா உங்க பொண்ண யாரும் வெளிய அனுப்ப முடியாது. எழுதிக் குடுத்தீங்கன்னா அப்பறம் நானே நெனச்சாலும் உள்ள சேக்க முடியாது. பேனாவ மூடி வைம்மா."

"அதில்லீங்க மேடம், இது தேறுமா? வூட்ல தறிக்கு ஆளு பத்தல. தேறாதுன்னா..."

"தேறுமான்னு எனக்குத் தெரியாது. அது சாருங்க வேல." என்னைக் கையால் காட்டினார். "எழுத வுடறதுதான் என் வேல."

ஐந்து பேரும் எழுதாமல் போனார்கள். தாளாளர் மேடத்துக்குக் குறிப்பாணை கொடுத்தார்: நிர்வாகத்தின் வாய்மொழி அறிவுரையைச் செயல்படுத்தத் தவறியது ஏன் என்று விளக்கம் கேட்டு. மேடம் பதினேழு பக்கம் விளக்கம் எழுதினார். அதில் முதல் பத்தி, வாய்மொழி அறிவுரையை எழுத்துமூலம் தந்தால் உரிய மேலதிகாரிகளின் பார்வைக்கு வைத்து உடனே செயல்படுத்தத் தயாராக இருப்பதாகச் சொன்னது. மீதிப் பதினாறு பக்கமும் பிளஸ் டூ தொடங்கியது முதல் அன்றுவரையிலான ஆணைகளின் பட்டியல். குறிப்பாணை அதன்பிறகு பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அடுத்த ஆண்டு அந்த ஐவரில் மூவர் தேறினார்கள். ஒருத்தி துணைத்தேர்வில் தேறினாள். ஒருவன் தேறவே இல்லை. முன்கூட்டியே அடித்து வைத்திருந்த ஃப்ளெக்ஸைச் சைக்கிள் நிறுத்தத்துக்குக் கூரையாகப் போட்டார்கள். மழைக்கு நன்றாகவே தாங்கியது.

தமிழ்ச்செல்வியின் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவளைத் தனித்தேர்வராக எழுத வைப்பது என்று மேடம் முடிவு செய்திருந்தார். முன்பெல்லாம் தனித்தேர்வர்கள் நேரே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். புதிய ஏற்பாட்டில் முதலில் பதினொன்று, பிறகு பன்னிரண்டு. ஐந்து பேரை உள்ளே வைத்த அதே ஆணை இவளை ஒரு படி கீழே இறக்கிவிட்டது. மேடம் தெளிவுரை கேட்டு எழுதினார். விதியில் விலக்கில்லை என்று பதில் வந்தது. அவர் அந்தப் பதிலைப் பற்றி ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. "பதில் ஒழுங்கா எழுதியிருக்காங்க" என்றார்.

அவளிடம் சொல்லப் பூங்காவுக்கு என்னையும் அழைத்துப் போனார். தமிழ்ச்செல்வி புல்வெட்டிக்கொண்டிருந்தாள்.

"படிச்சதயே மறுபடியும் படிக்கணுமா மேடம்?"

"ஆமா."

"அதான் பாஸ்ன்னு போட்டு டி.சி. குடுத்தீங்களே!"

"அது நாங்க போட்ட பாஸு. கெவர்மெண்ட்டு போட்டதில்ல."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நான் கேட்டனா மேடம்? எனக்கு வூடு இருக்குது, புள்ள இருக்குது. இப்ப போயி எதுக்கு?"

"ஒனக்கு இல்லம்மா" என்றார் மேடம். "எனக்கு. ஒரு பாரம் நிரப்பாம நிக்குது. நான் ரிட்டயர் ஆவறதுக்குள்ள முடிக்கணும்."

தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்தாள். "கணக்குப்பதிவியல் எவன் சொல்லிக் குடுப்பான்?" என்று மேடத்திடம் கேட்டாள். அந்த 'எவன்' எனக்கு உரியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன்.

அவர் ஓய்வு பெறுவதற்குள் முடியவில்லை. பதினொன்றில் மற்றதெல்லாம் தேறி, கணக்குப்பதிவியல் நின்றது. பிறகு தொற்று வந்து தேர்வுகளே நின்றன. பிறகு அவளுடைய மாமியார் படுத்தார். பிரிவு உபசார விழாவில் மேடத்துக்குச் சால்வை போர்த்தினோம். அவர் ஏற்புரையாகப் பீரோச் சாவியையும் கோப்புகளின் பட்டியலையும் சதீஷிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதினொன்று முடிந்து, பன்னிரண்டும் தாள் தாளாக முடிந்து, கடைசிக் கணக்குப்பதிவியல் இந்த ஆண்டுத் துணைத்தேர்வில்தான் தேறியது. முப்பத்தாறு மதிப்பெண். நான் வாங்கிக் கொடுத்த முப்பத்தாறில் இதுபோல எனக்குத் தூக்கம் கெட்டது வேறில்லை.

அப்போது மேடம் சிறுநீரகக் கோளாறோடு மருத்துவமனையில் இருந்தார். நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். அந்த வாரம்தான் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

"நான் எழுதி முடிச்ச பெறகு எடுத்துட்டாங்களா மேடம்?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"ஒனக்காவதான் வச்சிருந்தாங்க போல. வேல முடிஞ்சிடிச்சி, எடுத்துட்டாங்க."

மூவரும் சிரித்தோம். மேடத்துக்குச் சிரித்தால் மூச்சு வாங்கியது. நான் ஒரு யோசனை சொன்னேன். இணையத்தில் எடுத்த தற்காலிகச் சான்றிதழ் இருக்கிறது. சதீஷ் விண்ணப்பத்தை இங்கேயே எடுத்து வருவார். மேடம் தம் கையாலேயே அந்தக் கட்டத்தை நிரப்பிவிடலாம்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், முற்பகல் என்று போடாத என் பணியேற்பு அறிக்கை தெரிந்தது.

"சார், நான் ரிட்டயர் ஆயிட்டேன். இஸ்கூல் ரெக்கார்டுல கை வைக்க எனக்கு அதிகாரம் கெடையாது. ரெக்கார்ட ஆஸ்பத்திரிக்கு எடுத்தாரதும் தப்பு. ஒரிஜினல் வரட்டும். ஒரிஜினல் வந்ததும் அவ கையால ஒரு லெட்டர் எழுதி ஆபீசுல குடுக்கட்டும். சதீசு நிரப்புவான்." தமிழ்ச்செல்வியிடம் திரும்பினார். "நீயே எழுது. ஒங் கையெழுத்து நல்லா இருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அசல் சான்றிதழ் வருவதற்குள் மேடம் போய்விட்டார். வடக்குத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். ராமலிங்கம் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், கடைசியா என்னா பேசினா தெரியுமா? முந்தின வாட்டி குடுத்த டிஸ்சார்ஜ் சீட்டுல தேதி தப்பா இருக்குது, போயி மாத்திகினு வாங்கன்னா. நான் அப்பறம் போறன்னேன். போயிருக்கலாம் சார். ஒரு அஞ்சு நிமிசம்." பெண்கள் கூட்டத்தில் தமிழ்ச்செல்வி பூங்கா வேலை உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். மகள், இப்போது ஏழாம் வகுப்பு, அவள் தோளில் சாய்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு எந்த வகுப்பிலும் யாரும் விருப்பக் கடிதம் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்து அசல் வந்தது. தமிழ்ச்செல்வி கடிதத்தோடு என்னையும் அழைத்துக்கொண்டு அலுவலகம் போனாள். சதீஷ் பச்சை பீரோவைத் திறந்து மகள் சேர்ந்த ஆண்டின் சேர்க்கைக் கட்டை எடுத்தார். கடிதத்தை நான்தான் உரக்கப் படித்தேன். "எனது மகளின் சேர்க்கை விண்ணப்பத்தில் தாயின் கல்வித் தகுதி என்ற இடத்தில், நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றுள்ள விவரத்தைப் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன்." கீழே அவளே கையெழுத்திட்டிருந்தாள். யாருக்காகவும் எழுதிக் கொடுத்த கடிதம் அல்ல.

சதீஷ் விண்ணப்பத்தை விரித்தார். பென்சில் எழுத்து மங்காமல் இருந்தது. அழிப்பானைக் கையில் எடுத்தார், கீழே வைத்துவிட்டார். அந்த எழுத்தை அப்படியே விட்டு, அதன் கீழே மையால் 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று நிரப்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தில் 'பெறப்பட்டது' முத்திரையை ஓங்கிக் குத்தினார். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் திருப்பவில்லை. இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது.

வாசல்வரை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடிதத்தில் தேதி இல்லை. எழுதியவள் போடவில்லை, படித்த நான் கவனிக்கவில்லை, வாங்கிய சதீஷும் பார்க்கவில்லை. தேதியில்லாத ஒரு கடிதம் அந்த மேசையைத் தாண்டிப் போய்விட்டது. மேடம் இனி இல்லை என்பது, வடக்குத்து வாசலில் நிற்கும்போதுகூடத் தெரியாதது, அந்த இடத்தில் தெரிந்தது. நின்றுவிட்டேன்.

"என்னா சார்?"

"தேதி போடலம்மா."

"மேடம் இருந்திருந்தா வுட்டிருப்பாங்களா?" என்றாள். பேனாவை என் சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டு, சைக்கிள் நிறுத்தத்தைக் கடந்து, வெயிலில் திரும்பி நடந்தாள். அங்கே கூரையில் நூறு என்ற எண் வெளுத்துக் கிடந்தது. நான் வெளியே காத்திருந்தேன்.

மேடம், கடிதம் இன்று பிற்பகல் பெறப்பட்டது. தேதி போடப்பட்டுவிட்டது. கட்டம் நிரப்பப்பட்டுவிட்டது. திருப்பி அனுப்ப அதில் இனி ஒன்றும் இல்லை. நீங்கள் புறப்படலாம்.